16 த்ரெட் இருந்தும் மவுஸ் நகரல: ஒரு லினக்ஸ் டெஸ்க்டாப் ஹேங்கோட முழு போஸ்ட்மார்ட்டம்

மணி 4:17. எப்டி இவ்ளோ கரெக்டா தெரியும்னா, ஸ்கிரீன் மேல இருக்குற கடிகாரம் அந்த நிமிஷத்துலயே நின்னு போச்சு, அதுக்கப்புறம் 11 நிமிஷம் அது நகரவே இல்ல.

மெஷின் ஒண்ணும் ஓட்டை மெஷின் கிடையாது. 8 கோர், 16 த்ரெட், 16 ஜிபி ரேம், என்விஎம்இ எஸ்எஸ்டி, கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) 6.8, இன்ஸ்டால் பண்ணும்போது அதுவா போட்டுக்கிட்ட 2 ஜிபி ஸ்வாப் ஃபைல், அதாவது ரேம்ல இருந்து வெளிய தள்ற டேட்டாவை டிஸ்க்ல வெக்கிற இடம். டிஸ்ட்ரோ (எந்த லினக்ஸ் வகை) பேரு சொல்லல, சொன்னா பேச்சு அந்தப் பக்கம் போயிடும். அப்போ ஓடிட்டு இருந்தது மூணே விஷயம்: ஒரு பெரிய சி பிளஸ் பிளஸ் ப்ராஜெக்டோட ஃபுல் பில்ட் (மொத்த கோடையும் ப்ரோக்ராமா மாத்துற வேலை), 16 ஜாப் ஒரே நேரத்துல, ப்ரௌசர்ல ஒரு நாப்பது டேப், அதுல ஒரு டேப்ல வீடியோ கால்.

முதல்ல சவுண்டு வெட்டுச்சு. எதிர்ல பேசுறவர் குரல் ஒரே எழுத்துல மாட்டி டடடடன்னு அடிச்சுட்டு அடங்கிருச்சு. அடுத்து வீடியோ உறைஞ்சுது, அடுத்து மவுஸ். மவுஸ் முழுசா நிக்கல, கையை நகத்தி ஒரு இருபது செகண்ட் கழிச்சு ஸ்கிரீனோட வேற மூலைல போய் குதிக்கும், அவ்ளோதான். கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அடிச்சேன், ரொம்ப நேரம் கழிச்சு கறுப்பு ஸ்கிரீன்ல லாகின் வந்துச்சு, யூசர்நேம் அடிச்சேன், பாஸ்வேர்ட் கேக்குறதுக்குள்ள 60 செகண்ட் டைம் அவுட்னு சொல்லி திரும்ப முதல்ல இருந்து. மூணு தடவை இப்டியே ஆச்சு. கெர்னலுக்கு நேரா கட்டளை போடுற மேஜிக் கீ ஞாபகம் வந்துச்சு, ஆல்ட் பிளஸ் சிஸ்ரிக்யூ பிளஸ் எஃப், மெமரி அதிகம் தின்னுற ப்ராசஸை உடனே போட்டுத்தள்ளுற கீ. அமுக்குனேன், ஒண்ணும் நடக்கல. ஏன் நடக்கலைன்னு கடைசில சொல்றேன். பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணிடலாம்னு விரல் போன நேரத்துல, 4:28க்கு, எல்லாம் தானா திரும்பி வந்துச்சு. கால் கட் ஆகி ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு, பில்ட் ஃபெயில் ஆயிருந்துச்சு. கெர்னல் லாக்ல ஒரே ஒரு வரி: அவுட் ஆஃப் மெமரி, கம்பைலர் ப்ராசஸ் ஒண்ணு கில்லுடு.

அந்த ஒரு வரியை அப்பவே ஒழுங்கா படிச்சிருந்தா இந்தக் கதை இவ்ளோ நீளம் போயிருக்காது. நான் படிக்கல. கூட வேலை பார்க்குற நண்பன்கிட்ட சொன்னேன், அவன் யோசிக்கவே இல்ல, "டேய், இது ஸ்கெட்யூலர் மேட்டர்டா, சர்வருக்கு ட்யூன் பண்ண கெர்னலை டெஸ்க்டாப்ல ஓட்டுனா இப்டித்தான், நீயே ஒண்ணு பில்ட் பண்ணிப் போடு"ன்னான். நம்புற மாதிரிதான் இருந்துச்சு, ஏன்னா லினக்ஸ் டெஸ்க்டாப் திக்குதுன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் ஸ்கெட்யூலரைத்தான், அதாவது எந்த வேலைக்கு எப்போ சிபியு குடுக்கணும்னு முடிவு பண்ற கெர்னல் பகுதியைத்தான், கைகாட்டுவாங்க, அதுக்குப் பின்னாடி ஒரு பழைய சண்டையே இருக்கு. ஆஸ்திரேலியால மயக்க மருந்து டாக்டரா இருந்துக்கிட்டே கெர்னல் கோட் எழுதுன கான் கோலிவாஸ், டெஸ்க்டாப் சுறுசுறுப்பா இருக்கணும்னு ஒரு ஸ்கெட்யூலர் பண்ணாரு, ஆனா 2007 அக்டோபர்ல வந்த 2.6.23 கெர்னல்ல உள்ள போனது இங்கோ மோல்னார் எழுதுன சிஎஃப்எஸ்ங்கிற ஸ்கெட்யூலர். கோலிவாஸ் கோவிச்சுக்கிட்டு ஒதுங்கி, 2009ல பிஎஃப்எஸ்னு இன்னொண்ணோட திரும்பி வந்தாரு. சிஎஃப்எஸ்ஸும் இப்போ பழைய கதை, 2023ல வந்த 6.6ல இருந்து அந்த இடத்துல ஈஈவிடிஎஃப் உக்காந்திருக்கு, அதோட அடிப்படை 1995ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. இதையெல்லாம் ராத்திரி உக்காந்து படிச்சதுல கெர்னல் கம்பைல் பண்ற வெறி நல்லா ஏறிடுச்சு.

கெர்னல் செகண்டுக்கு எத்தனை தடவை எழுந்து பார்க்கும்ங்கிற டிக் ரேட்டை 250ல இருந்து 1000 ஆக்கி, ஓடுற கெர்னல் வேலையையே நடுவுல நிறுத்தி அவசர வேலைக்கு வழிவிடுற ஃபுல் ப்ரீஎம்ப்ட் போட்டு, புது கெர்னல் பில்ட் பண்ணி பூட் பண்ணேன். அரை நாள் போச்சு. ஃபுல் ப்ரீஎம்ப்ட்டுக்கு கம்பைலே தேவை இல்லையாம், 5.12க்கு அப்புறம் வந்த கெர்னல்ல டைனமிக் ப்ரீஎம்ப்ட் இருந்தா பூட் லைன்ல ப்ரீஎம்ப்ட் ஈக்வல்ஸ் ஃபுல்னு ஒரு வார்த்தை சேர்த்தாலே போதும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. சரி, அதே பில்டை அதே டேப்களோட திரும்ப ஓட்டுனேன். கம்பைல் ஆன துண்டுகளை ஒண்ணா ஒட்டுற லிங்க் ஸ்டேஜ்க்கு வந்துச்சு, அதே இடத்துல அதே மாதிரி செத்துச்சு. பில்டுக்கு முன்னாடி நைஸ் 19, அதாவது சிபியுல கடைசி ப்ரயாரிட்டி, போட்டுப் பார்த்தேன், ஒரு இம்மி மாறல.

இங்கதான் கொஞ்சம் நிதானிச்சேன். ஊகத்துல ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போறதை விட்டுட்டு, ஹேங் ஆகுற அந்த நேரத்துல உள்ள யாரு எதுக்காக காத்திருக்காங்கன்னு அளந்து பார்த்தாதான் உருப்படும்.

கெர்னல் 4.20ல இருந்து, அதாவது 2018 கடைசில இருந்து, இதுக்குன்னே பிஎஸ்ஐ (பிரஷர் ஸ்டால் இன்ஃபர்மேஷன்)ன்னு ஒரு வசதி இருக்கு. ஃபேஸ்புக்ல இருந்த ஜோஹன்னஸ் வைனர் எழுதுனது. ப்ராக் டைரக்டரிக்குள்ள பிரஷர்னு ஒரு டைரக்டரி, அதுக்குள்ள சிபியு, மெமரி, ஐஓ (டிஸ்க்ல படிக்கிறது, எழுதுறது)ன்னு முக்கியமா மூணு ஃபைல். ஒவ்வொண்ணுலயும் சம், ஃபுல்னு ரெண்டு வரி. கடைசி 10 செகண்ட், 60 செகண்ட், 300 செகண்ட்ல எத்தனை சதவீத நேரம் வேலை தேங்கிக் கிடந்துச்சுன்னு நம்பர் இருக்கும். சம்னா ஒருத்தராவது காத்திருந்தாங்கன்னு அர்த்தம், ஃபுல்னா வேலை இருக்குற அத்தனை பேரும் ஒண்ணா மாட்டிக்கிட்டு ஒருத்தரும் நகரலைன்னு அர்த்தம். டெஸ்க்டாப்புக்கு முக்கியமானது மெமரி ஃபைல்ல இருக்குற அந்த ஃபுல் வரிதான்.

இன்னொரு கம்ப்யூட்டர்ல இருந்து எஸ்எஸ்எச்ல முன்னாடியே உள்ள வந்து உக்காந்துக்கிட்டேன், ஏன்னா ஹேங் ஆனப்புறம் உள்ள வர முடியாதுன்னு மூணு லாகின் டைம் அவுட் ஏற்கனவே சொல்லிக் குடுத்துருச்சு. 2 செகண்டுக்கு ஒரு தடவை அந்த மூணு ஃபைலையும் டைம் போட்டு எழுதுற நாலு வரி ஸ்கிரிப்ட் ஓட விட்டு, பில்டை ஸ்டார்ட் பண்ணேன்.

முதல் இருபது நிமிஷம் சிபியு பிரஷர் 60க்கு மேல. 16 த்ரெட்டும் கொதிக்குது. ஆனா டெஸ்க்டாப் ஜம்முனு ஓடுது! விண்டோ இழுத்தா வருது, வீடியோ ஓடுது, டைப் பண்ணா எழுத்து உடனே விழுது. நண்பன் சொன்ன ஸ்கெட்யூலர் தியரி இங்கயே படுத்துருச்சு. மெமரி ஃபுல் வரி அதுவரைக்கும் சைபர். லிங்க் ஸ்டேஜ் வந்துச்சு, சைபர் 3 ஆச்சு, 3 ஒரு பத்து செகண்ட்ல 40 தாண்டுச்சு, அப்புறம் 80க்கு மேல போச்சு. சிபியு பிரஷர் அதே நேரத்துல கீழ இறங்குது. என் கண்ணை இழுத்தது நம்பரை விட ஸ்கிரிப்ட்டோட டைம் காலம்தான். 2 செகண்டுக்கு ஒரு வரி வரணும், நடுவுல 40 செகண்ட் ஓட்டை, அடுத்து 25 செகண்ட் ஓட்டை. நாலு வரி ஸ்கிரிப்ட்டுக்கே மூச்சு முட்டுதுன்னா டெஸ்க்டாப்பையே வரையுற க்னோம் ஷெல் நிலைமை எப்டி இருக்கும்.

டாப் கமாண்ட்ல பார்த்தா லோட் ஆவரேஜ் 50க்கு மேல. இதைப் பார்த்துதான் பாதி பேரு சிபியு பத்தலைன்னு நெனச்சுக்குறாங்க. லினக்ஸ்ல லோட் ஆவரேஜ்ங்கிறது சிபியுக்கு க்யூல நிக்கிறவங்களை மட்டும் எண்றது இல்ல, டிஸ்க்குக்காக டி ஸ்டேட்ல எழுப்ப முடியாம தூங்குறவங்களையும் சேர்த்துத்தான் எண்ணும். நிஜமா கம்பைல் வேலைக்குப் போன சிபியு நேரம் ரொம்ப கம்மி, மேல உக்காந்து ஆடிக்கிட்டு இருந்தது கேஸ்வாப்டிதான், பேஜ்களை, அதாவது ரேமோட சின்னச் சின்னத் துண்டுகளை, வெளிய தள்ளுற கெர்னல் த்ரெட்.

சரி, மெமரி தீர்ந்தா தீர்ந்துட்டுப் போகட்டும், ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொன்னு இடம் பண்ற ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர்னு ஒண்ணு இருக்குல்ல, அது ஏன் 11 நிமிஷம் சும்மா இருந்துச்சு? இந்த கேஸோட உயிரே இந்தக் கேள்வில இருக்கு, அதனால கொஞ்சம் பொறுமையா பார்ப்போம்.

ரேம்ல ரெண்டு விதமான சரக்கு கிடக்கு. ஒண்ணு ப்ரோக்ராம்கள் தானா உண்டாக்குன டேட்டா, அதுக்கு டிஸ்க்ல காப்பி கிடையாது, வெளிய அனுப்பணும்னா ஸ்வாப்லதான் எழுதணும். இன்னொண்ணு டிஸ்க்ல இருக்குற ஃபைல்களோட காப்பி. இந்த ரெண்டாவதுல நாம திறந்து படிச்ச ஃபைல் மட்டும் இல்ல, ஓடிக்கிட்டு இருக்குற ப்ரோக்ராம்களோட கோடும் லைப்ரரிகளும் கூட அடக்கம். க்னோம் ஷெல், சவுண்டு சர்வர், டெர்மினல், எல்லாத்தோட கோடும் ஃபைல் காப்பிதான். மெமரி இறுகும்போது கெர்னல் பார்க்குது, 2 ஜிபி ஸ்வாப் எப்பவோ நிரம்பியாச்சு, டேட்டாவைத் தள்ள இடம் இல்ல, சரி ஃபைல் காப்பியைத் தூக்குவோம், டிஸ்க்ல இருக்கே, வேணும்னா திரும்பப் படிச்சுக்கலாம்னு தூக்குது. எதைத் தூக்குச்சு? அடுத்த மில்லி செகண்ட் மவுஸை வரையணும்னு காத்திருக்குற கோடை. ஷெல் எழுந்திரிக்குது, கோடு இல்ல, டிஸ்க்ல இருந்து கொண்டு வரணும், அதுக்கு ரேம்ல இடம் வேணும், அதுக்கு இன்னொருத்தரோட கோடைத் தூக்கணும். இப்போ அவரு எழுந்திரிக்கிறாரு. ஒரே ஒரு நாற்காலியை வெச்சுக்கிட்டு ஆறு பேரு மாத்தி மாத்தி ஒருத்தரை எழுப்பி இன்னொருத்தர் உக்காந்தா யாரு வேலை பார்க்குறது, எல்லாரும் எழுந்து உக்காந்துக்கிட்டேதான் இருப்பாங்க.

இதுல ஓஓஎம் கில்லர் கண்ணுக்கு எல்லாம் நல்லபடியா நடக்குது. இடம் கேட்டா இடம் கிடைக்குது, பேஜ் காலி ஆகிக்கிட்டே இருக்கு, அப்புறம் எதுக்கு கொலைன்னு அது பாட்டுக்கு இருக்கு. காலி ஆன பேஜ் அடுத்த நொடியே திரும்பி வருதுங்கிறது அதோட கணக்குலயே இல்ல. கெர்னலோட மெமரிக் கணக்கு இருக்குற விஎம்ஸ்டாட் ஃபைல்ல வொர்க்கிங்செட் ரீஃபால்ட் ஃபைல்னு ஒரு கவுன்டர் இருக்கு, தூக்கிப் போட்டதையே திரும்பக் கொண்டு வந்தது எத்தனை தடவைன்னு சொல்றது. சாதாரண நேரத்துல மெதுவா ஊர்ந்துட்டு இருந்த அந்த நம்பர், ஹேங் நேரத்துல பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி ஓடுச்சு.

ஸ்வாப்தான் எல்லாத்துக்கும் காரணம், ஆஃப் பண்ணுன்னு ஒரு அட்வைஸ் எங்க கேட்டாலும் கிடைக்கும். அதையும் சோதிச்சுப் பார்த்தேன். பேய்க்கு பயந்து பிசாசுகிட்ட போன கதை ஆயிடுச்சு. ஸ்வாப் இல்லைன்னா எப்பவோ திறந்து மறந்துபோன டேப்போட டேட்டாவை வெளிய அனுப்ப வழியே இல்ல, அதனால ஓடுற கோடு மேலயே மொத்த சுமையும் விழுது, ஹேங் முன்னாடியே வந்துச்சு, இன்னும் மோசமா வந்துச்சு. ஸ்வாப்ங்கிறது ரேம் பத்தாதப்போ உதவுற எக்ஸ்ட்ரா ரேம் இல்ல, எதை வெளிய தள்ளலாம்னு கெர்னலுக்கு ஒரு சாய்ஸ் குடுக்குற இடம். சாய்ஸைப் பிடுங்குனா அது கண்டதைத் தள்ளும்.

இப்போ சரி பண்ண கதை. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான், ஒவ்வொண்ணுக்கும் அதே பில்ட், அதே டேப்கள்.

ஈஸியான வழி ஜாப் எண்ணிக்கையை 16ல இருந்து 10 ஆக்குறது. ஹேங் போச்சு. ஆனா முதல் இருபது நிமிஷம் ஆறு த்ரெட் சும்மா ஈ ஓட்டுது. பிரச்சனை இருக்குறது லிங்க் ஸ்டேஜ்ல மட்டும்தான், பிழை தேட உதவுற டீபக் இன்ஃபோவோட லிங்க் பண்ணும்போது ஒரே லிங்கர் பல ஜிபி சாப்பிடுது, அது ஒரே நேரத்துல நாலு ஓடுச்சுன்னா கதை முடிஞ்சுது. பில்டை ஓட்டுற டூலான நிஞ்சால லிங்குக்கு மட்டும் தனி பூல் வெச்சு 2னு லிமிட் போடலாம், எல்எல்விஎம் மாதிரி ப்ராஜெக்ட்ல இதுக்குன்னே செட்டிங் குடுத்திருக்காங்க. அதைப் போட்டேன், அது இன்னிக்கும் இருக்கு. ஆனா நாளைக்கு வேற ப்ராஜெக்ட், வேற டூல் வரும், மெஷினே தன்னைக் காப்பாத்திக்கணும்.

அடுத்து ஸீராம். ரேம்லயே ஒரு பகுதியை கம்ப்ரஸ் பண்ணி ஸ்வாப் மாதிரி காட்டுற வித்தை, 2014ல 3.14லயே மெயின் கெர்னலுக்கு வந்துருச்சு, ஃபெடோரால 33ல இருந்து அதுதான் டீஃபால்ட். ரேம்ல பாதி, 8 ஜிபி சைஸ், இசட்ஸ்டாண்டர்ட் கம்ப்ரஷன். ஸீராம் கன்ட்ரோல் கமாண்ட்ல பார்த்தா கம்பைலரோட டேட்டா ஏறக்குறைய மூணுல ஒரு பங்கா சுருங்குது, உங்க டேட்டாவுக்கு வேற மாதிரி வரலாம். இதுகூட ரெண்டு நம்பரை சேர்த்து மாத்தணும். எவ்ளோ ஆர்வமா ஸ்வாப் பண்ணணும்ங்கிற ஸ்வாப்பினஸ் டீஃபால்ட் 60, அது மெதுவான டிஸ்க்கை மனசுல வெச்சு வந்த நம்பர், 5.8ல இருந்து 200 வரைக்கும் போகலாம், நான் 180 வெச்சேன். பேஜ் கிளஸ்டர் டீஃபால்ட் 3, அப்டின்னா ஒரு பேஜ் கேட்டா எட்டு பேஜா சேர்த்து எடுக்கும், சுத்துற டிஸ்க்குக்கு அது நல்லது, ஸீராமுக்கு தண்டம், 0 ஆக்குனேன். இன்னொரு விஷயம், ஸ்வாப்புக்குப் போறதை வழிலயே கம்ப்ரஸ் பண்ற இசட்ஸ்வாப் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, ரெண்டும் சேர்ந்தா கம்ப்ரஸ் பண்ணதையே எடுத்து திரும்ப கம்ப்ரஸ் பண்ணிக்கிட்டு இருக்கும். பழைய ஸ்வாப் ஃபைலை கம்மி ப்ரயாரிட்டில அப்டியே விட்டு வெச்சேன்.

ஸீராமுக்கு அப்புறம் 11 நிமிஷ ஹேங் ஒரு நிமிஷத் திக்கலா சுருங்குச்சு. பெரிய முன்னேற்றம்தான், ஆனா இன்னும் கால் கட் ஆகும்.

மூணாவது மாத்தம் ஒரே ஒரு நம்பர், அதுவும் நிறைய பேருக்குத் தெரியாதது. 6.1ல மல்டி ஜென் எல்ஆர்யூன்னு, எந்த பேஜை வெளிய தள்றதுன்னு முடிவு பண்ற புது முறை வந்துச்சு, கூகுள்ல இருந்த யூ ஜாவோ எழுதுனது. சிஸ் டைரக்டரிக்குள்ள கெர்னல், எம்எம், எல்ஆர்யூ ஜென்னு போனா எனேபிள்டுன்னு ஒரு ஃபைல், அதுல கடைசி எழுத்து 7னா முழுசா ஆன்ல இருக்கு. பக்கத்துலயே மின் டிடிஎல் எம்எஸ்னு இன்னொரு ஃபைல், டீஃபால்ட் 0. அதுல 1000 எழுதுனா, கடைசி ஒரு செகண்டுக்குள்ள யூஸ் ஆன பேஜ்களைத் தொடாதே, அதைத் தொட்டாத்தான் இடம் கிடைக்கும்ங்கிற நிலைமை வந்தா ஓஓஎம் கில்லரைக் கூப்பிடுன்னு அர்த்தம். மேல சொன்ன நாற்காலி ஆட்டத்துக்கு நேரான மருந்து இதுதான். கெர்னல் டாக்குமென்டேஷனே 1000ஐத்தான் சொல்லுது. ரொம்ப பெருசா வெச்சா சும்மா சும்மா கொலை விழும், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கொலை விழும்னா யாரு மேல விழும்? கால் ஓடுற ப்ரௌசர் மேல விழுந்துச்சுன்னா இவ்ளோ பண்ணதும் வேஸ்ட். சூம்னு ஒரு சின்ன கமாண்ட் இருக்கு, யூட்டில் லினக்ஸ் கூடவே வருது, பில்ட் கமாண்டுக்கு முன்னாடி அதைப் போட்டு ஓஓஎம் ஸ்கோருக்கு 500 கூட்டிட்டேன், ஸ்கோர் பெருசா இருக்குறவன்தான் முதல்ல சாவான். ரூட்டே தேவை இல்ல, தன்னைத் தானே பலியாடா நிறுத்திக்க யாரு பர்மிஷனும் வேண்டாம். கெர்னலுக்கு முன்னாடியே முந்திக்கிட்டு கொல்ற எர்லிஓஓஎம்மும் போட்டேன், ரேம், ஸ்வாப் ரெண்டும் 10 சதவீதத்துக்குக் கீழ போனா மரியாதையா சொல்லிப் பார்க்கும், 5க்குக் கீழ போனா போட்டுத் தள்ளிடும். இதே வேலையைப் பண்ற சிஸ்டம்டி ஓஓஎம்டியை ஏன் எடுக்கலைன்னா, அது ஒரு ப்ராசஸை மட்டும் இல்ல, அது இருக்குற சிக்ரூப்பையே, அதாவது லிமிட் போடுறதுக்காக கெர்னல் ஒண்ணா கட்டி வெச்ச ப்ராசஸ் குழுவையே, மொத்தமா முடிக்கும். டெர்மினல் டேப்ல பில்ட் ஓடுனா அந்த டேப்ல இருக்குற எல்லாமே காலி. சிக்ரூப் ஒழுங்கா பிரிச்சு வெச்சிருந்தா அதுதான் சரியான டூல், ஆனா நம்ம வீட்டுல எல்லாம் ஒரே மூட்டையா கட்டித்தான் கிடக்கு.

அந்த மூட்டையைப் பிரிக்கிறதுதான் நாலாவது. என்னைக் கேட்டா இதைத்தான் முதல்ல பண்ணிருக்கணும். சிஸ்டம்டி ரன் கமாண்டை யூசர், ஸ்கோப் ஆப்ஷனோட போட்டு பில்டை தனி சிக்ரூப்ல ஓட விடலாம். மெமரி ஹை 9 ஜிபி, மெமரி மேக்ஸ் 11 ஜிபி, சிபியு வெயிட் 20. டீஃபால்ட் வெயிட் 100, அதனால டெஸ்க்டாப் கேக்கும்போது பில்ட் ஒதுங்கும், கேக்காதப்போ மொத்த சிபியுவும் பில்டுக்குத்தான்.

இதுலயும் ஒரு தடவை கையைச் சுட்டுக்கிட்டேன். முதல்ல மெமரி ஹை 6, மேக்ஸ் 12னு வெச்சேன். மெமரி ஹை யாரையும் கொல்லாது, அந்தக் கோட்டைத் தாண்டுறவங்களை இழுத்துப் பிடிச்சு மெதுவாக்கும், அவ்ளோதான். ரெண்டு லிங்கர் சேர்ந்து 8 ஜிபி கேட்டுச்சு, கோடு 6ல இருக்கு, கொலையும் விழல, வேலையும் நகரல. டெஸ்க்டாப் பஞ்சு மாதிரி இருக்கு, பில்ட் மட்டும் ஒன்றரை மணி நேரமா ஒரே வரில நிக்குது. ஹேங்கை ஒரு ரூமுக்குள்ள வெச்சு பூட்டிட்டேன், அவ்ளோதான். அதனால ஹை, மேக்ஸ் ரெண்டுக்கும் நடுவுல ரொம்ப இடைவெளி விடாதீங்க, முடியாதுன்னா சீக்கிரம் செத்துத் தொலையட்டும், லாகாவது பார்க்கலாம்.

இதோட மறுபக்கமும் இருக்கு, மெமரி லோன்னு, டெஸ்க்டாப் செஷனுக்கு இவ்ளோ ரேமைத் தொடாதேன்னு சொல்றது. செஷன் ஸ்லைஸ்ல (சிஸ்டம்டி சிக்ரூப்புகளை அடுக்கி வெக்கிற கிளை) மட்டும் போட்டுட்டு ஒண்ணும் மாறலைன்னு ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்திருந்தேன். மேல இருக்குற ஒவ்வொரு ஸ்லைஸ்லயும் போடணுமாம், அப்பாவுக்கு இல்லாத பாதுகாப்பு பிள்ளைக்குக் கிடைக்காது.

நைஸ் 19 ஏன் வேலை செய்யலைங்கிறதுக்கு இப்போ வர்றேன். ஹேங் சிபியுனால வரலைங்கிறது ஒரு காரணம். ஆனா நிஜமாவே சிபியு நெரிசல்னாலும் அது அவ்ளோவா வேலை செஞ்சிருக்காது. 2010ல மைக் கால்பிரெய்த் ஒரு 200 வரி சொச்சத்துல பேட்ச் போட்டாரு, ஆட்டோகுரூப்னு, 2011ல 2.6.38ல வந்துச்சு. ஒவ்வொரு டெர்மினல் செஷனும் தனி குழு, சிபியு குழுக்களுக்கு நடுவுல சமமா பங்கு. நாலு வீடியோ ப்ளேயர் த்ரெட்டும் அறுபது கம்பைலரும் மோதும்போது இது அற்புதமா வேலை செஞ்சுது, லினக்ஸை உருவாக்குன லினஸே பாராட்டுனாரு. ஆனா இதோட பக்கவிளைவு, நைஸ் நம்பர் அந்தக் குழுவுக்குள்ள மட்டும்தான் செல்லும். டெர்மினல்ல பில்டுக்கு நைஸ் 19 போட்டா, அதே டெர்மினல்ல இருக்குற மத்தவங்களுக்கு முன்னாடிதான் அது பணிவா இருக்கும், வெளிய இருக்குற க்னோம் ஷெல்லுக்கு அது தெரியவே தெரியாது. சிபியு கன்ட்ரோலரோட சிக்ரூப்ல ஓடுனா ஆட்டோகுரூப்பும் கணக்குல வராது, அப்போ வெயிட் சொல்றதுதான் சட்டம். ஆக ரெண்டு பக்கமும் நைஸுக்கு மரியாதை இல்ல. பல வருஷமா கமாண்டுக்கு முன்னாடி நைஸ் போட்டு மனசை சமாதானப்படுத்திக்கிட்டு இருந்தவன் நான்.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன், ரெண்டு நாள் கழிச்சு ஒரு 40 ஜிபி விர்ச்சுவல் மெஷின் இமேஜை பழைய பென் டிரைவ்ல காப்பி பண்ணும்போது திரும்ப திக்கல். எடிட்டர்ல சேவ் அடிச்சா அது அப்டியே நிக்குது. இந்த தடவை பதறல, நேரா பிரஷர் டைரக்டரிக்குப் போனேன். மெமரி சும்மா இருக்கு, ஐஓ எகிறுது. வேற வியாதி.

எழுத வேண்டிய டேட்டாவை கெர்னல் முதல்ல ரேம்ல சேத்து வெச்சுக்கும், டர்ட்டி பேஜ்னு பேரு. டர்ட்டி ரேஷியோ டீஃபால்ட் 20, அதாவது அப்போ கையில இருக்குற மெமரில 20 சதவீதம். 12 ஜிபி கையில இருந்தா 2.4 ஜிபி. என் பென் டிரைவ் செகண்டுக்கு 10 எம்பி எழுதுனா பெரிய விஷயம், 2400ஐ பத்தால வகுத்தா 240 செகண்ட், நாலு நிமிஷம். காப்பி பார் சர்ருன்னு ஓடிட்டு அப்புறம் உக்காந்துக்குறதும், எஜெக்ட் குடுத்தா எடுக்காதே எடுக்காதேன்னு கெஞ்சுறதும் இதனாலதான். அந்தத் தேக்கம் லிமிட்டைத் தொட்டுச்சுன்னா சம்பந்தமே இல்லாம எஸ்எஸ்டில எழுதுறவங்களும் நிறுத்தி வைக்கப்படுவாங்க. டர்ட்டி பைட்ஸை 256 எம்பி, பேக்ரவுண்ட் பைட்ஸை 64 எம்பின்னு வெச்சேன், பைட்ஸ் போட்டதும் ரேஷியோ தானா 0 ஆயிடும், பயப்படாதீங்க. பென் டிரைவ், சுத்துற டிஸ்க் மாதிரி மெதுவான சாதனத்துக்கு மட்டும் டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்துற ஐஓ ஸ்கெட்யூலரை பிஎஃப்க்யூ ஆக்க ஒரு யூடெவ் ரூல் (சாதனம் செருகுனதும் தானா ஓடுற விதி) போட்டேன், அது 4.12ல இருந்து மெயின் கெர்னல்ல இருக்கு. என்விஎம்இக்கு 'நன்' (ஸ்கெட்யூலரே இல்லாத செட்டிங்) இருக்கட்டும்னு விட்டுட்டேன், அங்க டிஸ்க் வேலைக்கு ப்ரயாரிட்டி குடுக்குற ஐஓநைஸ் போடுறது சுவத்துகிட்ட பேசுற மாதிரிதான்.

கடைசி டெஸ்ட். டிஸ்ட்ரோவோட வந்த ஸ்டாக் கெர்னல், நான் பில்ட் பண்ணதைத் தூக்கிட்டேன். லிங்க் லிமிட்டையும் வேணும்னே எடுத்துட்டு, 16 ஜாப், அதே நாப்பது டேப், நிஜமான கால், எதிர்ல அதே நண்பன். மவுஸ் ரெண்டே ரெண்டு தடவை அரை செகண்ட் நின்னுச்சு. குரல் ஒரு இடத்துல லேசா வெட்டுச்சு. மெமரி ஃபுல் பில்டோட சிக்ரூப்ல 50 தாண்டுச்சு, டெஸ்க்டாப் செஷனோட சிக்ரூப்ல 4ஐத் தாண்டல, பிஎஸ்ஐ ஒவ்வொரு சிக்ரூப்புக்கும் தனித்தனியா கிடைக்கும்ங்கிறதால இந்தக் கணக்கு தெரிஞ்சுது. ஒரு லிங்கர் மேக்ஸைத் தாண்டி செத்துச்சு, பில்ட் ஃபெயில், ஆனா கால் கட் ஆகல. லிங்க் லிமிட் 2 திரும்பப் போட்டு ஓட்டுனா பில்ட் முழுசா முடிஞ்சுது, டெஸ்க்டாப்பைத் தொடாம தனியா ஓட விடுறதை விட ஒரு நாலு நிமிஷம் கூட ஆச்சு. அந்த நாலு நிமிஷத்தை நான் சந்தோஷமா குடுப்பேன். நண்பன் மட்டும் இன்னும் "அந்த 1000 ஹெர்ட்ஸையும் சேர்த்து வெச்சுப் பாரேன்டா"ன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான். ஆடியோ ரெக்கார்டிங் மாதிரி மில்லி செகண்ட் கணக்கு இருக்குற வேலைக்கு அதுக்கு இடம் இருக்கு, மறுக்கல. என் வியாதி அது இல்ல.

அந்த மேஜிக் கீ பாக்கி இருக்கு. சிஸ்ரிக்யூ செட்டிங் ஆன், ஆஃப் மட்டும் இல்ல, ஒவ்வொரு வசதிக்கும் ஒரு நம்பர், வேணுங்கிறதைக் கூட்டிப் போடணும். என் மெஷின்ல 176 இருந்துச்சு, அதாவது 16, 32, 128: டிஸ்க்கு சிங்க், ரீட் ஒன்லி மவுண்ட், ரீபூட். ப்ராசஸைக் கொல்ற வேலைக்கு 64, அது அதுல இல்ல, அதனாலதான் நான் எவ்ளோ அமுக்கியும் கெர்னல் கண்டுக்கல. 240 ஆக்குனேன். எர்லிஓஓஎம்மை நிறுத்திட்டு, மின் டிடிஎல்லை 0 ஆக்கிட்டு, பில்டை எந்த சிக்ரூப் லிமிட்டும் இல்லாம சூம் மட்டும் போட்டு ஓட்டி, வேணும்னே மெஷினை திணற வெச்சேன். மவுஸ் நின்னுச்சு. ஆல்ட், சிஸ்ரிக்யூ, எஃப். ரெண்டு செகண்ட் ஆயிருக்கும், கடிகாரம் அடுத்த நிமிஷத்துக்குத் தாவுச்சு, லாக்ல செத்தது லிங்கர்.